ஃபாக்ஸ்ஃபேஸ் முள் குத்திய கட்டைவிரலும் பவுடர் ப்ளூவின் துரத்தலும்

கேள்வி: 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். ஓடத் தொடங்கி 14 மாதம் ஆகிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், 12 செ.மீ. பவுடர் ப்ளூ (நீல நிறச் சர்ஜன் மீன்), 3 மாதம் முன்பு வாங்கிய 15 செ.மீ. ஃபாக்ஸ்ஃபேஸ் (மஞ்சள் நிற, விஷ முள் உள்ள மீன்) ஆகியவை இருக்கின்றன. பவுடர் ப்ளூ ஓயாமல் ஃபாக்ஸ்ஃபேஸைத் துரத்துகிறது. போன ஞாயிறு இரவு 11 மணிக்கு, விளக்கு அணைந்த பிறகு, கண்ணாடி துடைக்கும் காந்தம் கழன்று மணலில் விழுந்துவிட்டது. எடுக்கக் கைவிட்டேன். மூலையில் கிடந்த ஃபாக்ஸ்ஃபேஸின் முள் வலது கட்டைவிரலின் அடியில் இறங்கிவிட்டது. தாங்க முடியாத வலி. மணிக்கட்டுக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டி, ஐஸ் வைத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டோம். வலி அடங்க விடிந்துவிட்டது. 5 நாள் ஆகியும் வீக்கம் முழுதாக வடியவில்லை; விரலை மடக்கினால் இறுக்குகிறது. செய்தது சரிதானா? உள்ளே இன்னும் விஷம் இருக்குமா? இரண்டு மீனில் எதை எடுப்பது? 8 செ.மீ. லயன் ஃபிஷ் ஒன்றைப் போட்டால் பவுடர் ப்ளூ அடங்கிவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? (கோவை வாசகர்)

பதில்:

முதலில் விரலைப் பார்ப்போம். மீன்கள் பிறகு.

5 நாளுக்குப் பிறகும் நீடிக்கும் வீக்கத்துக்கு விஷம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அதன் வலி பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். இப்போது சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. முள்ளின் நுனியோ அதன் மேல்தோலோ உள்ளே முறிந்து கிடக்கலாம். அல்லது தொட்டித் தண்ணீரிலிருந்த கிருமி உள்ளே போயிருக்கலாம். மடக்கும்போது இறுக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டைவிரலின் அடியில் மூட்டும் தசைநாண் உறையும் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன, அங்கே சீழ் பிடித்தால் விரலின் அசைவே போய்விடும். ஆகவே நாளைக் காலையே மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் "மீன் முள் குத்தியது" என்று மட்டும் சொன்னால் அவர் சமையலறை மீனை நினைத்துக்கொள்வார். "உயிரோடு இருக்கும் கடல்மீன், விஷ முள், உப்புநீர்த் தொட்டி" என்ற மூன்றையும் சொல்லுங்கள். உப்புநீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் இருக்கும், அவற்றுக்கு ஏற்ற ஆன்டிபயாடிக்கை அவர் தேர்ந்தெடுக்க இந்தத் தகவல் வேண்டும். உங்களுக்குச் சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ இருந்தால் நாளை வரைகூடப் பொறுக்க வேண்டாம், இன்றே போங்கள். சிவப்பு பரவுவது, சூடு, காய்ச்சல், கையில் கோடாக ஏறும் சிவப்பு, இவற்றில் எது இருந்தாலும் அதேதான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். காயம் ஆறிவிட்டதென்று விட்ட பிறகு, சில வாரம் கழித்து அதே இடத்தில் வலியில்லாத சின்னக் கட்டி ஒன்று கிளம்பலாம். பிறகு முன்கையில் வரிசையாக இன்னும் சில கட்டிகள் வரலாம். இது மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமியின் வேலை. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கென்றே வருகிற நோய் என்று சொல்லலாம். சாதாரண ஆன்டிபயாடிக் ஒரு வாரம் சாப்பிட்டு இது போகாது, மாதக்கணக்கில் மருந்து வேண்டும். சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால், இந்தக் கிருமி 30 டிகிரி வாக்கில்தான் நன்றாக வளரும், வழக்கமான 37 டிகிரியில் வைத்தால் தெரியாமலே போகலாம் என்பதை ஆய்வகத்துக்குச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் தொட்டியைப் பற்றி அறிந்தால்தான் அந்தக் குறிப்பை எழுதுவார்.

இனி அன்றிரவு செய்தது. வருத்தத்தோடு சொல்கிறேன், ஐஸும் இறுக்கிக் கட்டியதும் இரண்டுமே தவறு. உங்களைக் குறை சொல்லவில்லை. பாம்புக்கடிக்குக் கட்டுப் போடும் பழக்கம் நம் வீடுகளில் ஊறியிருக்கிறது (அதற்கும் இறுக்கிக் கட்டுவது தவறுதான்). ஆனால் இந்த விஷம் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஃபாக்ஸ்ஃபேஸ், நம் கடற்கரையில் ஓரா என்று பிடித்துச் சாப்பிடுகிறார்களே, அந்தக் குடும்பத்து மீன். முதுகில் 13, குதத் துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்புகளில் பக்கத்துக்கு 2, ஆக 24 முள். அத்தனையும் விஷ முள். ஒவ்வொரு முள்ளின் பக்கவாட்டிலும் பள்ளம் ஓடும். அதில் விஷத் திசு படிந்திருக்கும், மேலே மெல்லிய தோல் உறை. முள் சதையில் இறங்கும்போது உறை பின்னுக்குத் தள்ளப்பட்டு விஷம் காயத்தில் கசிகிறது. பாம்பைப் போல மீன் தானாக விஷத்தைப் பீய்ச்சுவதில்லை. நம் கை எவ்வளவு வேகமாக மோதுகிறதோ அவ்வளவு ஆழம். செத்த மீனின் முள்ளும் இதே போலக் குத்தும் என்பதால், இறந்ததை எடுக்கும்போதும் வெறுங்கை கூடாது.

இந்த விஷம் புரதத்தால் ஆனது. முட்டை வெள்ளைக்கரு சூட்டில் உருமாறுவது போல இதுவும் சூட்டில் சிதையும். ஐஸ் அந்தச் சிதைவுக்குத் துணை செய்வதில்லை. விடியும்வரை வலி நீடித்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். இறுக்கிய கட்டு, விஷத்தை ஒரே இடத்தில் தேக்கி, ரத்த ஓட்டத்தையும் தடுத்து, திசுவுக்குத்தான் கேடு செய்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் துளைக்குள் இறங்கி விஷத்தைத் தொடப்போவதில்லை. சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். மஞ்சள் நிறம் சிவப்பு பரவுவதை மறைத்துவிடும்.

மறுபடி குத்தினால் செய்ய வேண்டியது இது. கையை வெளியே எடுத்ததும் உட்கார்ந்துவிடுங்கள். வலியில் மயங்கி விழுவது உண்டு, விழுந்து தலையில் அடிபட்டால் அது வேறு ஆபத்து. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்கை மட்டும் சாமணத்தால் எடுங்கள், தோண்ட வேண்டாம். சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். இதெல்லாம் நடக்கும்போதே இன்னொருவர் அடுப்பில் தண்ணீர் வைக்கட்டும்.

கையை வைக்க வேண்டிய சூடு 43 முதல் 45 டிகிரி. பக்கெட்டில் 4 லிட்டர் குழாய்த் தண்ணீர், அதில் 1 லிட்டர் கொதிநீர் என்பது கணக்கு. குழாய்த் தண்ணீர் 30 டிகிரி இருந்தால் கலவை 44 டிகிரிக்கு வரும். கோவையின் குளிர்மாதங்களில் தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கிவிட்டால் அதே கலவை 40 டிகிரிதான் நிற்கும். அப்போது கொதிநீரை ஒன்றேகால் லிட்டருக்கு மேலேயே கூட்ட வேண்டும். ஆகவே சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், குத்துப்படாத கையை வைத்துத்தான் சூடு பார்க்க வேண்டும். குத்துப்பட்ட கைக்கு வலி தவிர வேறு எதுவும் தெரியாது. தெரியாமல் வெந்துபோனவர்கள் உண்டு. 60 டிகிரித் தண்ணீர் சில வினாடிகளிலேயே கொப்புளம் போட்டுவிடும். முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு கொதிநீர். நடுவில் ஆறிப்போய்ச் சூடு சேர்க்கும்போது கையை வெளியே எடுத்துவிட்டே ஊற்றுங்கள். மொத்தம் 30 முதல் 90 நிமிடம். பெரும்பாலானவர்களுக்கு முதல் அரை மணியிலேயே வலி நன்றாகக் குறையும். எடுத்ததும் வலி திரும்பினால் மறுபடி வையுங்கள். பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். துளையைப் பசை போட்டோ, பிளாஸ்டர் இறுக்கியோ மூட வேண்டாம்.

மூச்சு இரைப்பு, முகமோ உதடோ வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பக்கெட்டை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். குழந்தையைக் குத்தினாலும், கண், நெஞ்சு, வயிறு, மூட்டுப் பகுதிகளில் குத்தினாலும், 90 நிமிடம் கழிந்தும் வலி அசையாவிட்டாலும் மருத்துவமனைதான்.

இப்போது தொட்டிக்கு வருவோம். ஃபாக்ஸ்ஃபேஸ் யாரையும் தாக்கப் போகிற மீன் இல்லை. பாசி தின்று, பாறை இடுக்கில் உறங்குகிற சாது. இரவில் அதன் மஞ்சள் நிறம் மறைந்து, பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக மாறிவிடும். முதுகு முள் விறைத்து நிற்க, பாறையோடு பாறையாகச் சாய்ந்திருக்கும். டார்ச் அடித்தால்கூடக் கல் எது மீன் எது என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடியாது. அது பாறைக்குள் உறங்கியிருந்தால் உங்கள் கை அதைத் தொட்டிருக்காது. மூலைக் கண்ணாடியோரம் கிடந்ததென்றால், பொந்துக்குள் படுக்க அதற்கு இடமில்லாமல் போயிருக்கிறது. பவுடர் ப்ளூ துரத்தியதற்கும் உங்கள் விரலுக்கும் இதுதான் தொடர்பு.

பவுடர் ப்ளூ இந்தியப் பெருங்கடலின் பவளத்திட்டுகளில் பாசி மேயும் பரப்பைச் சொந்தமாக்கிக் காவல் காக்கும் மீன். தன்னைப் போலவே தட்டையான உடலோடு, தன்னைப் போலவே பாசி மேயும் எதையும் போட்டியாகத்தான் பார்க்கும். உங்கள் க்ளவுன்களை அது கண்டுகொள்ளாததும் அதனால்தான். அவற்றின் உணவும் இடமும் வேறு. உங்கள் தொட்டியில் அதுவே முதலில் வந்து பிடித்துக்கொண்ட மீன், ஃபாக்ஸ்ஃபேஸ் பின்னால் வந்தது. கடலில் துரத்தப்பட்ட மீன் பத்து மீட்டர் ஓடித் தப்பிக்கும். 120 செ.மீ. கண்ணாடிக்குள் ஓடினால் மறுபடி அதன் கண்ணில்தான் வந்து விழும். கல்லும் மணலும் போக உங்களிடம் இருப்பது சுமார் 350 லிட்டர் தண்ணீர். பவுடர் ப்ளூவுக்கு லிட்டரைவிட நீளம்தான் முக்கியம். 6 அடிக்குக் குறைந்த தொட்டியில் அதை வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

துரத்தல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். துடுப்பை விரித்து, பக்கவாட்டாக இணையாக நீந்தி, விலகிப்போனால் அது மிரட்டல் மட்டுமே. வாலைத் திருப்பி எதிரியின் விலாவை நோக்கிச் சுண்டினால் அது அடி. பவுடர் ப்ளூவின் வால் தொடங்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகக் கத்தி போன்ற முள் உண்டு. ஃபாக்ஸ்ஃபேஸின் உடலில் வெளிறிய நேர்கோட்டுக் கீறல்கள் தெரிகிறதா? பகல் வெளிச்சத்திலும் திட்டுநிறத்தில் இருக்கிறதா? மேல் மூலையில் ஒதுங்கி, சாப்பாட்டுக்கு வராமல் நிற்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றே பிரித்துவிட வேண்டும்.

இன்றிரவு செய்யக்கூடியது, நோரி. உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேர்க்காத கடற்பாசித் தாள். கால் தாள் அளவு இரண்டு துண்டுகளைத் தொட்டியின் இரண்டு கோடியிலும் க்ளிப்பில் மாட்டுங்கள். ஒரே இடத்தில் மாட்டினால் பவுடர் ப்ளூ அங்கேயே காவல் நின்றுவிடும். பகலில் தீரத்தீர மறுபடி மாட்டுங்கள். தின்று மிஞ்சியதை மாலையில் எடுத்துவிடுங்கள். பசித்த மேய்ச்சல் மீனை வேறெந்த வழியிலும் சமாதானப்படுத்த முடியாது. கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு கோடியில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டினால், பவுடர் ப்ளூ தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும், மற்றது மூச்சுவிடும். இரண்டு மூன்று நாளைக்கு இது உதவும், அதற்கு மேல் இழுத்தால் அதுவே சாப்பிடாமல் நலிந்துவிடும்.

எதை எடுப்பது என்று கேட்டீர்கள். பவுடர் ப்ளூவைத்தான். ஆக்கிரமித்ததை வெளியே எடுத்தால்தான் ஆக்கிரமிப்பு கலையும். 24 விஷ முள்ளோடு இருக்கும் மீனைத் துரத்திப் பிடிக்கும் வேலையும் மிச்சம்.

வலை வேண்டாம். வால் கத்தி வலைக்கண்ணியில் சிக்கி, பிரிக்கப் போகும்போது உங்கள் விரலை அறுக்கும், மீனின் தோலும் கிழியும். கதவு வைத்த ஆக்ரிலிக் பொறி ஒன்றை இறக்கி, கதவைத் திறந்தே வைத்து, இரண்டு மூன்று நாள் நோரியைப் பொறிக்குள் மட்டுமே போடுங்கள். மற்றதெல்லாம் நிறுத்தம். பயமில்லாமல் உள்ளே போய் மேய்கிறது என்று கண்ட பிறகு ஒரு காலையில் கதவைத் தூக்கிப் பிடித்திருக்கும் நூலை விடுங்கள். முதல் நாளே அவசரப்பட்டு மூடித் தப்பவிட்டால் அந்த மீன் பிறகு வாரக்கணக்கில் பொறிப்பக்கம் வராது. பிடித்ததைத் தண்ணீரோடு சேர்த்தே தூக்குங்கள்.

100 லிட்டருக்குக் குறையாத தனித் தொட்டி, பிரதான தொட்டியின் தண்ணீர், காற்று பம்ப், நல்ல பாக்டீரியா படிந்து பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டு இரண்டு, குதிக்காமல் மூடி. அம்மோனியாவைத் தினம் சோதியுங்கள், 0.25 பிபிஎம் காட்டினால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இந்த மீன் மன அழுத்தத்தில் வெள்ளைப்புள்ளி நோயைச் சட்டென இழுத்துக்கொள்ளும், இரண்டு வாரம் தோலைக் கூர்ந்து பாருங்கள். புள்ளி வந்தால் தாமிர மருந்தைத் தனித் தொட்டியில் மட்டும், சோதனைக் கருவியோடு பயன்படுத்துங்கள். பிரதான தொட்டியில் ஊற்றினால் பவளமும் இறாலும் செத்து, தாமிரம் கல்லில் ஊறித் தங்கிவிடும்.

அது வெளியே இருக்கும் 10 முதல் 14 நாளில் பாறை அமைப்பைக் கலைத்து மாற்றுங்கள். ஒரே குவியலாக இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள், நடுவில் பார்வை மறையட்டும். ஒவ்வொரு குவியலிலும் ஃபாக்ஸ்ஃபேஸ் முழுதாக நுழைகிற பொந்து, அதற்கு இரண்டு வாசல். ஒற்றை வாசல் பொந்து அதற்குச் சிறை. திருப்பிக் கொண்டுவரும்போது பவுடர் ப்ளூவைத் துளையிட்ட ஆக்ரிலிக் பெட்டியில் 3 நாளாவது தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, பிறகு விளக்கணைக்கும் நேரத்தில் திறந்துவிடுங்கள். இதற்கும் பிறகு விலாவில் கீறல் விழுந்தால் இன்னொரு சுற்று வேண்டாம், பவுடர் ப்ளூவைப் பெரிய தொட்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால், இந்த 4 அடிக்கு அதை இப்போதே கொடுத்துவிடுவதுதான் என் விருப்பம்.

கைவிடும் முறை. விளக்கைப் போட்டு 15 நிமிடமாவது பொறுங்கள், மீன் விழித்து நிறம் திரும்பட்டும். வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) அணையுங்கள். ஃபாக்ஸ்ஃபேஸ் எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகே கை உள்ளே போகட்டும். அது இருக்கும் பக்கத்தை ஆக்ரிலிக் பலகையால் மறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. வேலை நடக்கும்போது இன்னொருவர் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இந்த முள்ளுக்குக் காகிதம் மாதிரி. தடித்த நியோப்ரீன் கையுறையையும் அது துளைக்கும். 60 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் இடுக்கி பாதுகாப்பானது. காந்தம் விழுந்தால் காலைவரை கிடக்கட்டும்.

கடைசியாக லயன் ஃபிஷ். போட வேண்டாம். கடையில் 8 செ.மீ. இருப்பது வாலிட்டன்ஸ் இனமோ, அதே பெயரில் விற்கப்படும் மைல்ஸ் இனமோ, எதுவானாலும் 30 செ.மீ.க்கு மேல் வளரும். தன் நீளத்தில் பாதி இருக்கும் மீனை முழுதாக விழுங்கும் வாய் அதற்கு. ஓராண்டுக்குள் ஒரு காலை க்ளவுன்களைத் தேடுவீர்கள். பவுடர் ப்ளூவை அது அடக்கும் என்ற பேச்சில் பொருளில்லை. மெதுவாக மிதக்கும் லயனின் நீண்ட துடுப்பைப் பவுடர் ப்ளூதான் கடித்துக் குதறும். அதற்குமேல், ஃபாக்ஸ்ஃபேஸின் 24 முள்ளோடு இன்னும் 18 முள் தொட்டிக்குள் வரும்: முதுகில் 13, வயிற்றில் 2, குதத்தில் 3. இறக்கை போல விரியும் பக்கத் துடுப்பில் விஷமில்லை. எல்லோரும் அதைக் கண்டு ஒதுங்கி, முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோவார்கள். மற்ற மீன் கையைக் கண்டால் ஓடும். லயன் ஓடாது. தலையைத் தாழ்த்தி, முதுகு முட்களை உங்கள் பக்கம் சாய்த்து நின்று பார்க்கும். பல நேரம் பாறை விளிம்பின் அடியில் தலைகீழாகத் தொங்கும், மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. லயனின் உறவான ஸ்டோன்ஃபிஷ் என்ற மீனின் விஷத்துக்கு ஆஸ்திரேலியாவில் முறிமருந்து தயாராகிறது; லயனுக்கென்று தனி முறிமருந்து இல்லை, அதே சுடுதண்ணீர்தான்.

இதே எச்சரிக்கை, கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டு, குட்டியாகக் கூட்டம் கூட்டமாக விற்கப்படும் கடல் கெளுத்திக்கும் பொருந்தும். அழகாகப் பந்து போலத் திரண்டு நீந்தும், வளர்ந்ததும் 30 செ.மீ. வரை போகும். முதுகில் ஒன்று, பக்கங்களில் இரண்டு என மூன்றே முள்தான், ஆனால் ஃபாக்ஸ்ஃபேஸைவிடக் கடுமையாகக் குத்தும்.

லயன்மேல் ஆசை தீராவிட்டால், பிறகொரு நாள் 200 லிட்டருக்குக் குறையாத தனித் தொட்டியில் ஃபஸ்ஸி ட்வார்ஃப் போன்ற குட்டை லயன் ஒன்றை வையுங்கள். இப்போதைக்கு லயனுக்கு ஒதுக்கிய பணத்தில் பொறி, நீள இடுக்கி, தெர்மாமீட்டர் மூன்றையும் வாங்கிவிடலாம். ஆனால் அதற்கு முன்பு விரலை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். காயம் முழுதாக மூடும்வரை பொறியை இறக்குவதும் தண்ணீர் மாற்றுவதும் வீட்டில் வேறொருவர் கையால் நடக்கட்டும்.